தாழிக்குள் இருந்தவர் ஆணா பெண்ணா: எலும்பும் மணியும் எதுவரை சொல்லும்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம் பக்கம் உங்கள் மாமனாரின் தென்னந்தோப்பில் ஜேசிபி வைத்து வாய்க்கால் எடுத்தபோது ஒரு பெரிய தாழி உடைந்து வெளியே வந்திருக்கிறது. உள்ளே மண், கொஞ்சம் எலும்புத் துண்டு, கருப்பு சிவப்புக் கலயம் இரண்டு, சிவப்பு மணிகள், துருப்பிடித்த நீள இரும்பு ஒன்று. மணியைப் பார்த்தவர்கள் யாரோ ராணி என்கிறார்கள், இரும்பைப் பார்த்தவர்கள் படைத்தலைவன் என்கிறார்கள், பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் "இது நன்னங்ஙாடி" (முதுமக்கள் தாழிக்கு மலையாளப் பெயர்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் கேட்பது, ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆணா பெண்ணா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், பெண்ணும் வாள் வைத்திருக்க முடியுமா, இன்று நாம் திருநங்கை, திருநம்பி என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்திருந்தால் அது தெரியவருமா என்று.

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உடம்பைப் பற்றியது. இன்னொன்று அந்த ஆள் ஊருக்குள் யாராக வாழ்ந்தார், என்ன வேலை செய்தார், செத்தபிறகு உறவினர்கள் அவரை யாராக வைத்து வழியனுப்பினார்கள் என்பது. முதல் கேள்விக்கு, எலும்போ பல்லோ நன்றாக இருந்தால், ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஒரே ஒரு தாழியை வைத்துப் பதில் சொல்ல முடியாது, பல கல்லறைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் அகழாய்வில் கிடைக்கும் மனித எலும்புகளைப் பார்க்கப் பயின்றவள், கொங்குப் பக்கமும் திருச்சூர்ப் பக்கமும் பல வருஷம் அந்த வேலை செய்திருக்கிறேன். அதனால் எலும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முழு எலும்புக்கூடு கிடைத்தால் நாங்கள் முதலில் தேடுவது இடுப்பெலும்பை. பிள்ளை பிறக்க வேண்டிய வழி என்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். இடுப்பெலும்பின் பின்பக்கம் ஒரு வளைந்த பள்ளம் உண்டு, அதில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்போம். விரல் தாராளமாக அசைந்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், இறுக்கமாக நின்றால் ஆண். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள கோணம் பெண்ணுக்கு விரிந்தும் ஆணுக்குக் குறுகியும் இருக்கும். இடுப்பு முழுசாக இருந்து, பார்க்கிறவருக்கும் பழக்கம் இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை சரியாகச் சொல்லிவிடலாம். மண்டை ஓட்டை மட்டும் வைத்துச் சொன்னால் அந்த உறுதி குறையும். புருவ மேடு, காதுக்குப் பின்னால் உள்ள முண்டு, பிடரி, தாடை என்று பார்ப்போம், ஆனால் இவையெல்லாம் ஊருக்கு ஊர் மாறுகிறவை. நம் பக்கத்து ஆட்களின் எலும்பு பொதுவாக மெல்லியது, ஐரோப்பிய எலும்புகளை வைத்துப் போட்ட அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பல ஆண்கள் பெண்களாகிவிடுவார்கள். எதிர்ப்பக்கச் சாய்வும் உண்டு. கென்னத் வைஸ் என்பவர் 1972இல் பழைய எலும்புக்கூட்டு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஆண்கள் பக்கம் சுமார் 12 சதவீதம் சாய்வு இருக்கிறது என்று காட்டினார். எலும்பு கொஞ்சம் தடிமனாக இருந்தால் ஆண் என்று எழுதிவிடும் பழக்கம்தான் காரணம். வயதான பெண்களின் மண்டை ஓடு தடித்துப்போவது இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. பருவம் அடையாத பிள்ளைகளின் எலும்பை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

சரி, உங்கள் தாழிக்கு வருவோம். நம் பகுதித் தாழிகளில் பெரும்பாலும் முழு உடம்பு இருக்காது. உடம்பை வேறெங்கோ வைத்துச் சதை போனபிறகோ, எரித்த பிறகோ, எலும்பில் கொஞ்சத்தைப் பொறுக்கி எடுத்து வைத்திருப்பார்கள். இடுப்பெலும்பை அவர்கள் எடுக்காமலே விட்டிருக்கலாம். ஒரே தாழியில் இரண்டு மூன்று பேரின் எலும்பு சேர்ந்து கிடப்பதும் சாதாரணம். அதனால் நாங்கள் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்போம். ஒரே பக்கத்துக் காதெலும்பு இரண்டு கிடைத்தால் குறைந்தது இரண்டு பேர், பெரியவரின் கடைவாய்ப்பல்லும் பால்பல்லும் சேர்ந்து கிடந்தால் அங்கே ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் இருந்திருக்க வாய்ப்பு. இரண்டு பேர் என்றானதும் மணி யாருடையது, இரும்பு யாருடையது என்ற கேள்விக்கே பிடி போய்விடுகிறது. ராணி கட்சிக்காரர்களும் படைத்தலைவன் கட்சிக்காரர்களும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மண்ணும் ஒரு விஷயம். குன்னங்குளம் பக்கத்து வெட்டுக்கல் பூமியில் மழையும் மண்ணின் புளிப்பும் சேர்ந்து எலும்பைத் தின்றுவிடும், தாழி முழுசாக இருக்கும், உள்ளே எலும்பு மாவாகக்கூட மிஞ்சாது. கேரளத்துப் பெருங்கற்காலக் கல்லறைகளில், அதாவது தாழியும் பெரிய கற்களும் வைத்து அடக்கம் செய்த காலத்துக் கல்லறைகளில், இருந்தவர்களைப் பற்றி நாம் இவ்வளவு குறைவாகப் பேசுவதற்கு ஒரு பெரிய காரணம் இது. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், அதாவது உங்கள் பக்கம், பல இடங்களில் கரிசல் மண், மழையும் குறைவு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு. எலும்பு பிழைத்திருக்க அங்கே வாய்ப்பு கூடுதல். உங்களுக்குத் துண்டாவது கிடைத்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"டிஎன்ஏ எடுத்தால் தெரிந்துவிடுமே" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கிடைத்தால் தெரியும்தான், வழக்கமாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய் என்பதால், எக்ஸ், ஒய் குரோமோசோம் துணுக்குகளின் விகிதத்தை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வெயிலும் ஈரமும் உள்ள நாட்டில் டிஎன்ஏ நிற்பது அபூர்வம். சிந்துவெளி நாகரிகத்து ஊரான ராகிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் ஒரே ஒருவரிடமிருந்துதான் போதுமான அளவு கிடைத்தது, 2019இல் அது வெளியானது, அந்த ஒருவர் ஒரு பெண். ஹரியானாவிலேயே அந்த நிலை என்றால் பாலக்காட்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பு கிடைத்தால் முயற்சி செய்து பார்க்கலாம்.

இதைவிட எனக்கு நம்பிக்கை பல்லில். பல்லின் மேல் இருக்கும் எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள், அதற்குள் அமெலோஜெனின் என்ற புரதத்தின் துணுக்குகள் ஆயிரக்கணக்கான வருஷம் தங்கும். எக்ஸ் குரோமோசோம் உண்டாக்கும் வகை ஒன்று, ஒய் உண்டாக்கும் வகை இன்னொன்று. ஒய் வகை கிடைத்தால் அந்தப் பல் ஆணுடையது. கிடைக்காவிட்டால், மாதிரி நல்லதாக இருக்கும் பட்சத்தில், பெரும்பாலும் பெண். கடந்த எட்டுப் பத்து வருஷங்களில் இது பரவலாகிவிட்டது, பல்லைத் துளிதான் கரைப்பார்கள், பிள்ளைகளின் பல்லிலும் வேலை செய்யும். எலும்பை வைத்து எங்களால் சொல்லவே முடியாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல முடிவது பெரிய விஷயம். இந்தியாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் 2002இல் 270 இந்திய ஆண்களைச் சோதித்தபோது 5 பேருக்கு அந்த ஒய் பக்கத்து அமெலோஜெனின் மரபணுவே இல்லை, ஆனால் அவர்கள் எல்லா விதத்திலும் ஆண்கள். நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். அதனால் இங்கே "ஒய் இல்லை, ஆகவே பெண்" என்ற வரியை நூற்றுக்கு நூறு என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள்.

இனி மணிக்கும் வாளுக்கும் வருகிறேன், பெரிய தவறுகள் நடந்ததெல்லாம் இங்கேதான். நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்கக் கல்லறையில் ஆயுதம் இருந்தால் ஆண், நகையும் தக்களியும் இருந்தால் பெண் என்று எழுதினார்கள். அப்படி எழுதிவிட்டு, அந்தப் பட்டியலையே எடுத்து, "பார், ஆண்கள் எல்லாரும் ஆயுதத்தோடு புதைக்கப்பட்டிருக்கிறார்கள், ஆகவே போர் ஆண்களின் வேலை" என்று முடிவும் கட்டினார்கள். தொடக்கத்தில் தாங்களே போட்ட ஊகம் கடைசியில் கண்டுபிடிப்பாக வெளியே வந்தது. 1984இல் மார்கரெட் காங்கி, ஜேனட் ஸ்பெக்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நேருக்கு நேர் எடுத்துச்சொல்லி ஒரு நீளக் கட்டுரை எழுதினார்கள். நம் காலத்து ஆண் பெண் வேலைப் பிரிவினையைச் சோதித்துப் பார்க்காமல் பழங்காலத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம் என்பதுதான் அவர்கள் குற்றச்சாட்டு. பழங்காலத்து ஆண் பெண் வாழ்க்கையை ஆராயும் இந்தத் துறையே அதன்பிறகுதான் உருப்படியாகக் கிளம்பியது.

அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு ஸ்வீடனில் பிர்க்கா என்ற ஊரில் உள்ள ஒரு கல்லறை போதும். 1878இல் தோண்டியது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வாள், கோடாலி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயம், இரண்டு குதிரை, பலகை ஆட்டத்துக்கான காய்கள். நூற்றுச்சொச்சம் வருஷம் அது ஒரு வைக்கிங் போர்வீரனின் கல்லறை என்றே புத்தகங்களில் இருந்தது. எலும்பைத் திரும்பப் பார்த்தபோது இடுப்பு பெண்ணுடையதாகத் தெரிந்தது, 2017இல் டிஎன்ஏவும் பெண் என்று உறுதி செய்தது. உடனே சண்டை கிளம்பியது. அருங்காட்சியகத்தில் எலும்புகள் மாறிப்போயிருக்குமோ, ஆயுதம் அவருடையதுதானா, எலும்பில் போர்க்காயம் இல்லையே, அப்படியிருக்க எப்படிப் போர்வீரர் என்று சொல்லலாம் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், 2019இல் அந்தக் குழு நீளமாகப் பதிலும் எழுதியது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு விஷயம். அந்த எலும்பு ஆண் என்று இருந்த 130 வருஷமும் "காயம் இல்லையே, இவர் நிஜமாகவே சண்டை போட்டாரா" என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஆதாரம் கேட்க வேண்டும், அதுதான் நியாயம்.

பிர்க்கா ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் செவில் பக்கத்தில் வாலென்சினா என்ற இடத்தில் 2008இல் ஒரு கல்லறை, உள்ளே முழு யானைத் தந்தம், பக்கத்தில் ஸ்படிகக் கத்தி, அந்தக் காலத்து ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் அவ்வளவு செல்வத்தோடு தனியாகப் புதைக்கப்பட்டவர் வேறு யாரும் கிடைக்கவில்லை. எலும்பு மோசமாக இருந்ததால் இளம் ஆணாக இருக்கலாம் என்றார்கள், 2023இல் பல் எனாமல் பெண் என்று சொல்லிவிட்டது. பெருவில் ஆண்டிஸ் மலை மேல், சுமார் 9,000 வருஷத்துக்கு முந்திய குழியில், வேட்டைக்கான கல் ஈட்டிமுனைகளும் தோல் பதப்படுத்தும் கற்களும் ஒரு குவியலாக இருந்தன, உரியவர் 17 முதல் 19 வயதுக்குள் இருந்த பெண். 2020இல் வெளியானது. அமெரிக்கக் கண்டங்களில் அதே காலத்துப் பழைய புதைகுழிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தபோது வேட்டைக் கருவியோடு இருந்த 27 பேரில் 11 பேர் பெண்கள் என்று வந்தது. அந்த எண்ணிக்கையில் எத்தனை குழிகளின் பதிவு நம்பத்தக்கது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் "வேட்டை என்றால் ஆண்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் காலம் போய்விட்டது.

அப்படியானால் பொருளைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், வரிசை முக்கியம். முதலில் எலும்பை, பொருள் என்ன இருந்தது என்று தெரியாத ஒருவர் தனியாகப் பார்த்து ஆண் பெண் என்று குறித்துவைக்க வேண்டும். அப்புறம் பொருள்களின் பட்டியலை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஹரப்பாவின் கல்லறைகளில் வயதுவந்த பெண்கள் பலரின் இடது கையில் சங்கு வளையல்கள் இருந்தன. ஒரு கல்லறையில் மட்டும் இருந்திருந்தால் அது அந்தப் பெண்ணின் விருப்பம், பலருக்கு ஒரே கையில் ஒரே மாதிரி என்றால் அது ஊர் வழக்கம். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த அந்தச் சின்ன வெண்கலப் பெண்ணுக்கும் இடது கை முழுக்க வளையல், வலது கையில் நான்கே நான்கு. எலும்பு ஒரு பக்கமிருந்து, சிலை இன்னொரு பக்கமிருந்து ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அந்த இடத்தில் நான் உறுதியாகப் பேசுவேன். கேரளத்திலோ கொங்கிலோ இதுபோலப் பேசும் அளவுக்கு எலும்பும் பொருளும் சேர்ந்து நன்றாகப் பதிவான கல்லறைகள் நம்மிடம் போதவில்லை. ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் இரும்பு வாளும் கிடைத்தது, சூதுபவள மணிகள் ஏராளமாகவும் கிடைத்தன, ஆனால் மணி பெண்ணுக்கு வாள் ஆணுக்கு என்று அதை வைத்துக் கோடு கிழிக்க முடியாது. மணி அணியும் ஆண்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கல்லறைக்குள் வைப்பது செத்தவர் இல்லை, இருக்கிறவர்கள். மகன் அம்மாவுக்குத் தன் கத்தியை வைத்திருக்கலாம், கணவனுக்கு மனைவி தன் மணியைக் கழற்றி வைத்திருக்கலாம், செத்தது பெரிய குடும்பம் என்று ஊருக்குக் காட்ட வாங்கியே வைத்திருக்கலாம். ஆகவே ஈமப்பொருளிலிருந்து எனக்குத் தெரியவருவது அந்த ஆளை விட அவரை வழியனுப்பியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது. அதுவும் அருமையான தகவல்தான், வேறு கேள்விக்கான பதில் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

என்ன வேலை செய்தார் என்பதை எலும்பே சில நேரம் சொல்லிவிடும். மத்திய ஐரோப்பாவில் முதன்முதலில் விவசாயம் செய்த காலத்துப் பெண்களின் மேற்கை எலும்பை ஸ்கேன் எடுத்து, கேம்பிரிட்ஜில் இன்று படகுப் போட்டிக்குப் பயிற்சி செய்யும் பெண்களோடு ஒப்பிட்டார்கள், 2017இல். அந்தக் காலத்துப் பெண்களின் கை எலும்பு 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. தினமும் மணிக்கணக்காகக் கல்லில் தானியம் அரைத்ததுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு பெண்கள் மடத்தில் புதைந்திருந்த, 45 முதல் 60 வயதுக்குள் இறந்த ஒரு துறவியின் பல் காரையில் நீலக் கல் தூள் இருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, தங்கத்துக்கு நிகரான விலையுள்ள வண்ணம் அது, சுவடியில் ஓவியம் தீட்டும்போது தூரிகை நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தியிருக்கிறார் என்பதுதான் பொருத்தமான விளக்கம். அந்தக் காலத்தில் சுவடி எழுதியவர்களும் தீட்டியவர்களும் ஆண் துறவிகள் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, பல்லில் இருந்தது.

நம் பக்கம் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கீழடியில் தக்களிகள் கிடைத்ததும் "பெண்கள் நூல் நூற்றார்கள்" என்று எல்லாரும் எழுதினார்கள். சங்கப் பாட்டில் பருத்திப் பெண்டு வருகிறாள், துணை இல்லாத பெண்கள் நூற்ற மெல்லிய நூலும் வருகிறது, அதனால் அது நல்ல ஊகம்தான். ஆனால் பாட்டு சிலர் நூற்றதைச் சொல்கிறதே தவிர, இந்தத் தக்களி யார் கையில் சுழன்றது என்பதைச் சொல்லவில்லை. நம் ஊருக்குப் பக்கத்திலேயே குத்தாம்புள்ளி இருக்கிறது, கைத்தறி ஊர், போய்ப் பாருங்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவராக இருப்பார். தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, அறுந்த இழை முடிவது என்று வீட்டில் இருக்கிற எல்லாரின் கையும், கிழவியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும், ஒரு சேலைக்குள் இருக்கும். இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்த வீட்டைத் தோண்டுகிறவர் தறிக்குழியை மட்டும் பார்த்து "இங்கே ஒரு நெசவாளன் வாழ்ந்தான்" என்று எழுதினால் அந்த வீட்டின் பாதி உழைப்பு அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடும். பழைய அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது. மணி கோத்தவர், பானை வனைய மண் பிசைந்தவர், உலை ஊதியவர் எல்லாரும் "கைவினைஞன்" என்ற ஒரே ஆண்பால் சொல்லுக்குள் போய்விடுகிறார்கள்.

குடும்ப அமைப்பைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பாலக்காட்டில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெண் பிறந்த ஊரிலேயே இருந்து ஆண் வெளியிலிருந்து வந்தால், அந்த ஊர்ச் சுடுகாட்டில் தாய்வழி மரபணு ஒரே மாதிரியாகவும் தந்தைவழி பலவிதமாகவும் கிடக்கும். இங்கிலாந்தில் டார்செட் பகுதியில் இரும்புக் காலச் சுடுகாடு ஒன்றில் அப்படியே இருந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே தாய்வழி, 2025இல் வெளியானது. உடனே கேரளத்து மருமக்கத்தாயமும் (தாய்வழியில் குடும்பமும் சொத்தும் தொடரும் வழக்கம்) பெருங்கற்காலத்திலிருந்தே வந்தது என்று இழுக்க ஆசை வரும். அப்படிச் சொல்ல இங்கத்து எலும்புகளிலிருந்து ஆதாரம் வேண்டும். டார்செட் பாடம் எதைத் தேட வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது, ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்கள். அன்றும் இருந்தார்களா என்றால் இருந்தார்கள், நம் மொழியிலேயே சாட்சி உண்டு. பேடி, அதாவது ஆண் தன்மை திரிந்து பெண் தன்மையோடு இருந்தவர், என்று சொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது வாக்கியத்தை எப்படி முடிக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. இலக்கணம் எழுதுகிறவர் விதி வகுக்கும் அளவுக்கு அவர்கள் பேச்சில் சாதாரணமாக வந்துபோயிருக்கிறார்கள் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எலும்பு இதைச் சொல்லாது. ஒருவர் தன்னை யாராக உணர்ந்தார் என்பதற்கு எலும்பில் தடம் இல்லை. உடம்புக்கும் புதைத்த முறைக்கும் பொருந்தாமல் இருக்கும் இடங்களில் ஒரு சைகை கிடைக்கலாம். பின்லாந்தில் சுவொண்டாக்கா என்ற இடத்தில் 1968இல் கிடைத்த கல்லறை அப்படி ஒன்று. பெண்களுடைய உடை, உடைக்குக் குத்தும் ஊசிகள், கூடவே இடுப்பில் வாள். இரண்டு பேரைச் சேர்த்துப் புதைத்தது என்றார்கள், போர்ப்பெண் என்றார்கள். 2021இல் டிஎன்ஏ பார்த்தபோது ஒருவர்தான், அவருக்கு பெரும்பாலும் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்திருக்கும் என்று வந்தது. கிடைத்த டிஎன்ஏ மிகக் கொஞ்சம் என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதில் எனக்கு உறுதியாகத் தெரிவது, அந்த ஆள் மரியாதையோடு, நல்ல துணியோடு, விலையுள்ள பொருளோடு அடக்கம் செய்யப்பட்டார் என்பது. அவர் தன்னை ஆணாகக் கருதினாரா, பெண்ணாகவா, வேறாகவா என்பதை குரோமோசோம் தீர்மானிக்காது. இன்று அதே குரோமோசோம் அமைப்போடு, அது தெரியாமலே, சாதாரண ஆண்களாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். 2011இல் பிராக் நகரத்தில் பெண்களைப் படுக்கவைக்கும் முறையில் ஒரு ஆண் எலும்புக்கூடு கிடைத்ததும் செய்தித்தாள்கள் எப்படியெல்லாம் தலைப்புப் போட்டன என்று பார்த்தவள் நான், ஒரே ஒரு குழியை வைத்து அவ்வளவு தூரம் போகக் கூடாது.

இனி உங்கள் தாழிக்கு நான் என்ன சொல்ல முடியும்? போட்டோவை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டேன், வேறு யாராவது சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். அந்த நீள இரும்பு வாள்தானா என்பதே தெரியாது, துருவுக்குள் ஈட்டியோ வேறு கருவியோ இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால் வடிவம் தெரியும். தட்டித் துருவை உதிர்த்தால் உள்ளே இருக்கும் இரும்பும் போய்விடும், துருவில் ஒட்டியிருக்கும் துணி இழை, மர உறையின் தடம் எல்லாம் அதோடு போகும். மணியைக் கழுவிக் கோத்து யார் கழுத்திலும் போட வேண்டாம். எலும்பைத் தண்ணீரில் அலச வேண்டாம். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், அந்த மண்ணுக்குள்தான் சிறு பல்லும் கருகின தானியமும் ஊசி நுனி அளவு மணியும் இருக்கும். நாங்கள் அதை விரற்கடை விரற்கடையாக எடுத்து, எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று எழுதி, மெல்லிய சல்லடையில் சலிப்போம். எலும்பு அடியிலும் மணி அதன் மேலுமாக இருந்ததா, அல்லது எல்லாம் கலந்து கிடந்ததா என்பது, யார் பொருள் யாருடையது என்ற உங்கள் கேள்விக்கு மணியை விடப் பெரிய சாட்சி. ஜேசிபி கலைத்தது போக மீதி எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு, மேலே ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடி வையுங்கள். மழை வருவதற்குள் செய்தால் நல்லது.

வில்லேஜ் ஆபீசிலும் மாநிலத் தொல்லியல் துறையிலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கேரளத்துக்கு 1968ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது, மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைச் சொல்லாமல் வைத்திருந்தால் பின்னால் உங்கள் மாமனாருக்குத்தான் தொந்தரவு. தோட்டத்தையே எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாழி கிடைத்ததற்காகத் தோப்பை எடுத்துக்கொண்டதை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை, வந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பொருளை எடுத்துக்கொண்டு ரசீது தருவார்கள். வரும் ஆட்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பேரின் எலும்பு என்று எண்ணுவார்களா, இரும்பை எக்ஸ்ரே எடுப்பார்களா, பல் கிடைத்தால் ஒன்றையாவது தொடாமல் எனாமல் சோதனைக்கு ஒதுக்கி வைப்பார்களா. பல் ஏதாவது ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால் வெறும் கையால் திரும்பத் திரும்பத் தொடாமல், சுத்தமான காகிதத்தில் மடித்து, தாழியின் எந்தப் பக்கம் கிடைத்தது என்று அதன்மேலேயே பென்சிலில் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.